தகடூர் யாத்திரைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

தருமபுரி பேருந்து நிலையத்துப் பக்கத்துச் சுவரில் எந்நாளும் யாராவது ஒருவர் இறந்துபோய்ச் சிரித்துக்கொண்டிருப்பார். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருப்பார்கள். இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு, நடுவில் முகம், அடியில் வருந்தும் மனைவி மக்கள், பேரன் பேத்திகள், உற்றார் உறவினர். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவர் மேல் இன்னொருவரை ஒட்டிவிடுவார்கள்.

அந்தச் சுவரில் ஒரு சுவரொட்டி பாக்கி. பெயர்: தகடூர் யாத்திரை. ஊர்: இதே ஊர். தோற்றம் என்ற இடத்தில் போட ஆண்டு இல்லை. மறைவு என்ற இடத்திலும் இல்லை. முகம் கிடையாது. கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் யாரென்று தேடினால் அவருக்கும் பெயர் இல்லை. துக்கம் கேட்க வருகிறவன் யார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது என்று தெரியாத சாவு.

இறந்தது ஒரு புத்தகம். தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் இருந்தபோது, அது ஓர் அரசின் தலைநகராக இருந்தபோது, அந்த நகரத்தின் மேல் நடந்த போரைச் சொன்ன புத்தகம்.

போன தை மாதம் பெங்களூரிலிருந்து அக்கா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். முதல் நாள் ஒகேனக்கல். எண்ணெய்க் குளியல், பரிசல், மசாலா தடவிப் பொரித்த மீன், ஈரத்துணி மூட்டையோடு வீடு. தருமபுரிக்கு வருகிற விருந்தாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஊர் இவ்வளவுதான். மற்றவர்களுக்கு இது சேலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் பஸ் பத்து நிமிடம் நிற்கிற இடம்.

இரண்டாம் நாள் காலை இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி கேட்டான். "மாமா, ஒகேனக்கல் ஆச்சு. வேற என்ன இருக்குது உங்க ஊர்ல பாக்கறதுக்கு?"

"தலைநகரத்துக்கு வந்துட்டு என்ன இருக்குதுன்னு கேக்கறயே."

"மாவட்டத் தலைநகரம்தானே, மாமா?"

அதுவும் சரிதான். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரித்து இதை மாவட்டமாக்கினார்கள். 2004-இல் கிருஷ்ணகிரியைத் தனியாக எடுத்துக்கொண்டார்கள். நான் சொன்னது அதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு முந்தைய கணக்கு. அதியமான் நெடுமான் அஞ்சி இருந்து ஆண்ட ஊர். நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவன் என்று இரண்டாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அந்த நெல்லிக்காய் அளவுக்கே அவனை வைத்துக்கொண்டதும் நம்முடைய குறைதான்.

அக்கா மகனுடைய எட்டு வயது மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அந்த ராஜாவோட கோட்டை இருக்குதா, தாத்தா?"

"போய்ப் பாக்கலாம் வா" என்றேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

அந்தத் தலைநகரத்துக்கு வந்த விருந்தாளிகள் என்ன செய்தார்கள் என்பதற்கு நம்மிடம் நல்ல சாட்சி இருக்கிறது. அந்தக் காலத்து வெளியூர்க்காரர்கள் பாணர்கள், கூத்தர்கள், புலவர்கள். ஊர் ஊராகப் போவதே தொழில். அவர்களில் தகடூரை நன்றாகப் பார்த்தவர் ஔவையார். புறநானூற்றில் அதியமானையும் அவன் மகனையும் பற்றி மட்டும் இருபதுக்கு மேல் அவர் பாட்டு. எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் படித்தால் ஊரைச் சுற்றிக் காட்டுவதுபோல இருக்கும்.

நீர்த்துறைக்குப் போனால் ஊர்ப் பிள்ளைகள் பெரிய யானையின் கொம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார்கள். யானை பேசாமல் படுத்திருக்கும். எங்களுக்கு அவன் அப்படி, பகைவனுக்கு மதம் பிடித்த யானை என்பார். அரண்மனை வாசலுக்கு ஒரு நாள் போனாலும், மறுநாள் போனாலும், பல நாள் பல பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் நாள் முகம்தான். பரிசு முன்னே பின்னே ஆகலாம், யானை தன் கொம்பிடையில் வைத்துக்கொண்ட கவளம்போல அது எங்கேயும் போகாது என்பது அவர் கொடுக்கிற உறுதி. அதே ஔவையார் இன்னொரு பாட்டில், பரிசு தாமதமானதற்கு வாயில்காவலனைப் பிடித்து, எந்தத் திசைக்குப் போனாலும் எங்களுக்குச் சோறு கிடைக்கும் என்று பொரிந்து தள்ளிவிட்டு மூட்டையைக் கட்டுகிறார். வந்தவர் புகழ்ந்ததும் இருக்கிறது, வைததும் இருக்கிறது. இரண்டும் இருப்பதால்தான் அந்த ஊரை நம்ப முடிகிறது.

வயலுக்குப் போனால் கரும்பு. அதை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று அவர் பதிந்துவைத்திருக்கிறார். இன்றைக்கும் பாலக்கோட்டில் ஒன்று, அரூர்ப் பக்கம் கோபாலபுரத்தில் ஒன்று என்று மாவட்டத்தில் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலை. கோபாலபுரத்து ஆலைக்குப் பாப்பாரப்பட்டியில் 1925-இல் கண்மூடிய சுப்பிரமணிய சிவாவின் பெயர். கரும்பு கொண்டுவந்த குடும்பத்தின் பெயரை இரண்டுக்குமே வைக்கவில்லை.

ஒரு தலைநகரில் வந்தவருக்கு என்ன காட்டுவார்கள் என்பதற்கு அந்தப் பாடல்களிலேயே ஒரு காட்சி இருக்கிறது. அதியமானுக்காகத் தூது போன ஔவையாரைத் தொண்டைமான் கூட்டிக்கொண்டுபோய்த் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். எல்லா வேலுக்கும் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலும் போட்டு வைத்திருந்தான். ஔவையார் பார்த்தார். உங்களுடையவை அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். தொண்டைமானைப் பாராட்டியதா, குத்தியதா என்று இன்றுவரை வகுப்பில் கேள்வி கேட்கிறார்கள். எனக்குத் தெரிவது வேறு. தொண்டைமான் ஊரில் காட்சிக்கு வைத்தது ஆயுதச் சாலை, தகடூரில் பார்க்க வேண்டிய இடம் கொல்லன் பட்டறை. பழைய தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த, இன்று கிருஷ்ணகிரியில் இருக்கிற மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டு பழையது என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்தப் பட்டறைகளில் நெருப்பு எவ்வளவு காலமாக எரிந்தது என்று பாருங்கள்.

அந்த ஊரின் மேல்தான் படை வந்தது.

சண்டை வந்த வரலாறு சுருக்கம். அதியமான் கோவலூர் மேல் பாய்ந்து மலையமான் திருமுடிக்காரியைத் துரத்தினான். காரி சேரனிடம் போய்ச் சேர்ந்தான். இருவருமாகக் கொல்லிமலை ஓரியை முடித்தார்கள். பிறகு பெருஞ்சேரல் இரும்பொறை வடக்கே திரும்பித் தகடூரை வளைத்தான். நகரம் விழுந்தது. அதியமான் விழுந்தான். இரும்பொறைக்குப் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட பட்டம், 'தகடூர் எறிந்த'. ஒரு தலைநகரின் பெயர் அதை இடித்தவனின் பட்டத்தில் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டது.

இதை வைத்து எழுதியதுதான் தகடூர் யாத்திரை. யாத்திரை என்றால் இங்கே காசிக்கோ ராமேசுவரத்துக்கோ போவது இல்லை. படையெடுத்துச் செல்வது. ஆனால் அந்தச் சொல்லுக்குத் தமிழில் நேர்ந்த கதி விசித்திரம். போருக்குப் போவதும் யாத்திரை, புண்ணியத்துக்குப் போவதும் யாத்திரை, நாலு பேர் தூக்கிக்கொண்டு போவதும் யாத்திரை. இந்தப் புத்தகம் மூன்றையும் பார்த்துவிட்டது.

அது எப்படிப்பட்ட நூல் என்று தொல்காப்பிய உரையாசிரியர்கள் வழியாகத் தெரிகிறது. பழைய கதையை உரைநடையும் பாட்டுமாகக் கலந்து சொல்கிற வகைக்குத் தொன்மை என்று பெயர். அந்த உரையாசிரியர்களில் பேராசிரியர் என்பவர் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னவை இரண்டு. ஒன்று பெருந்தேவனார் பாரதம், மற்றது தகடூர் யாத்திரை. நச்சினார்க்கினியர் புறத்திணைக்கு உரை எழுதும்போது இதிலிருந்து பாட்டுகளை எடுத்துக் காட்டுகிறார். பொன்முடியார், அரிசில் கிழார் என்ற புலவர்களின் பெயர்கள் அங்கே வருகின்றன. இந்த உரையாசிரியர்கள் எழுதிய காலத்தில், அதாவது ஏறத்தாழ 13, 14-ஆம் நூற்றாண்டுகளில், படிக்கிறவனுக்கு 'தகடூர் யாத்திரைபோல' என்று சொன்னால் புரிந்தது. தெரிந்த ஒன்றைத்தானே உதாரணம் சொல்வார்கள்.

அதற்கப்புறம் ஒரே ஒருவர். ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் பழைய நூல்களிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பொறுக்கி, திருக்குறள்போல அதிகாரம் அதிகாரமாகப் பிரித்துப் புறத்திரட்டு என்று தொகுத்தார். தன் பெயரை எங்கும் போட்டுக்கொள்ளவில்லை. முத்தொள்ளாயிரத்தில் இன்று நமக்கு இருப்பது அவர் எடுத்துவைத்த நூற்றுச் சொச்சம் பாட்டுதான். தகடூர் யாத்திரையிலிருந்து நாற்பத்துச் சொச்சம் எடுத்தார். 1938-இல் வையாபுரிப் பிள்ளை பதிப்பித்து சென்னைப் பல்கலைக்கழகம் அதை அச்சில் கொண்டுவந்தது. பிறகு மயிலை சீனி. வேங்கடசாமி, மறைந்துபோன தமிழ் நூல்களுக்கென்று ஒரு புத்தகமே எழுதி இதையும் அதில் சேர்த்தார்.

புறத்திரட்டுக்காரர் நல்ல மனிதர். அவர் இல்லாவிட்டால் இதுவும் இல்லை. ஆனால் அவர் செய்தது என்ன என்று யோசித்தால் மனசு கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். கதையிலிருந்து பாட்டுகளை மட்டும் கழற்றி, நாடு என்ற தலைப்பில் சில, அரண் என்ற தலைப்பில் சில, படை என்ற தலைப்பில் சில என்று போட்டுவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது நீதி. நடுவிலிருந்த உரைநடை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. உரைநடையில்தான் நடந்தது இருந்திருக்கும். எந்தப் பக்கத்து மதிலை முதலில் தொட்டார்கள், முற்றுகை எத்தனை நாள், உள்ளே தண்ணீர் இருந்ததா, கதவு திறந்ததா, திறக்கவைத்தார்களா. பாட்டில் இருப்பது வீரன் சொன்னதும் தாய் சொன்னதும். கூத்தில் வசனம் அத்தனையும் போய்ப் பாட்டு மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்கும், அப்படி.

கூத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியத் தெருக்கூத்து. கடைசி நாள் படுகளம். ஊர்ப் பொதுவில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்வார்கள். அவன் மார்மேல் ஏறி நாலு பேர் நிற்கலாம், அவ்வளவு பெரிசு. தொடையில் அடித்து அவன் முடிந்ததும் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். வேடம் கட்டியிருப்பது ஆண்பிள்ளை என்று தெரியும். இருந்தும் கூட்டத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதை நான் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். எங்கேயோ இருக்கிற அத்தினாபுரத்துச் சண்டைக்கு எங்கள் மண்ணைக் குழைத்து, எங்கள் கண்ணீரைக் கொடுத்து, வருடா வருடம் அதை நடத்திவைக்கிறோம். பேராசிரியர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்ன இரண்டு கதைகளில் ஒன்று ஆடுகளத்துக்கு ஏறிற்று, அதனால் பிழைத்தது. எங்கள் சொந்த ஊர்ச் சண்டை ஓலையிலேயே இருந்துவிட்டது. ஓலை என்பது படியெடுக்கப் படியெடுக்க உயிரோடு இருக்கிற பொருள். ஒரு தலைமுறை சோம்பினால் போதும், செல்லுக்குத் தீனி.

விருந்தாளிகளை முதலில் கோட்டைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மல்லிகார்ச்சுனேசுவரர், காமாட்சியம்மன். தருமபுரி நகருக்குள்ளேயே கோட்டை என்ற பெயரோடு இருப்பது இந்தப் பகுதிதான். மண்டபத்தில் தொங்கும் தூண் இருக்கிறது. அடியில் தரையைத் தொடாது. வருகிறவர்கள் எல்லோரும் செய்வதையே எங்கள் பேத்தியும் செய்தாள். அப்பாவின் கைக்குட்டையை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்தாள். வந்துவிட்டது. இது அதியமான் காலத்துக்கு எவ்வளவோ பிந்தைய நுளம்பர் வேலை. அவர்களுக்கும் இந்த ஊர் முக்கியமான ஊராகத்தான் இருந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் தீர்ந்தது. சேரன் வந்து அழித்ததால் தகடூர் போயிற்று என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். போகவில்லை. அதியர் என்ற பெயர் அசோகன் கல்வெட்டில் தெற்கே உள்ளவர்களை எண்ணும் இடத்தில் சத்தியபுத்திரர் என்று வருவதாக ஆய்வாளர்கள் நினைத்தது உண்டு. 1981-இல் திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் தமிழி எழுத்தில் ஒரு வரி கிடைத்தது. சதியபுதோ என்ற பட்டமும் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரும் ஒன்றாக. துறவிகளுக்குப் படுக்கை கொடுத்திருக்கிறான். தான் ஜெயித்த கோவலூரின் பக்கத்திலேயே. எட்டாம் நூற்றாண்டில் நாமக்கல் மலையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்த அரசனும் அதியன் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டான். போளூர்ப் பக்கம் திருமலையில், தன் முன்னோன் எழினி வைத்த இயக்கர் சிலைகளைப் பிற்காலச் சோழர் காலத்தில் புதுப்பித்துக் கல்வெட்டு வெட்டிய விடுகாதழகிய பெருமாள், தகடூருக்கு அதிபதி. முற்றுகைக்குப் பிறகு ஆயிரம் ஆண்டுக்கு மேல் அந்தக் குடும்பம் அந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது.

இரும்பொறையால் தகடூரைக் கொல்ல முடியவில்லை. கதை போன அன்றைக்குத்தான் அது செத்தது. அந்த நாளில் வாளும் இல்லை, யானையும் இல்லை. யாரோ ஒருவர் வீட்டில் ஓர் ஓலைக்கட்டு கட்டவிழ்ந்து, அதை மறுபடி எழுத ஆள் இல்லாமல் போயிருக்கும்.

அடுத்து, அகழ்வைப்பகத்தில் நடுகற்களின் முன்னால் அக்கா மகன் அரைமணி நேரம் நின்றான். அவனிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை. வில்லும் வாளுமாக ஓர் ஆள், சுற்றிலும் வட்டெழுத்து. இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர் மாட்டைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ பட்டான் இன்னான் என்பதுதான் பெரும்பாலும் செய்தி. பெரிய போர் எதுவும் இல்லை. மாட்டுச் சண்டை.

"இவங்களுக்கெல்லாம் பேர் நின்னுடுச்சே, மாமா."

"நாய்க்கே நின்னிருக்குது" என்றேன். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊர். மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று. வீரன் கருந்தேவக்கத்தி. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். கல்லிலும் நாய் நிற்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டாகக் கோவிவனுக்குப் பெயர் உண்டு. தகடூர் மதில்மேல் கடைசியாக நின்றவனுக்கு இல்லை.

அதியமான்கோட்டை, சேலம் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர். காரை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. தேய்பிறை அஷ்டமி. காலபைரவர் கோயிலுக்குத் தமிழ்நாட்டு வண்டியும் கர்நாடக வண்டியுமாக வரிசை. சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்குகள் நூற்றுக்கணக்கில் எரிந்தன. அந்தச் சூட்டில் பூசணி வேகிற மணம் ஒன்று வரும், சமையலறை மணம், கோயிலுக்குச் சம்பந்தமே இல்லாத மணம். அதியமான் போருக்குப் போகுமுன் வாளை இங்கே வைத்து எடுத்துக்கொண்டு போனான் என்று வரிசையில் நின்ற ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆதாரம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவனைப் பற்றி யாராவது யாருக்காவது ஏதாவது சொல்வதே அபூர்வம்.

சென்றாயப் பெருமாள் கோயிலில் கூட்டம் இல்லை. தலையை அண்ணாந்து விதானத்து ஓவியங்களைப் பார்த்தோம். மங்கலில் ராமாயணமும் பாரதமும். இங்கேயும் பாரதம்தான். அதியமான் கோட்டத்தில் அரசனும் ஔவையும் சிலையாக இருக்கிறார்கள். பேத்தி அவர்களோடு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் கைவைத்து நின்று, "கோட்டை எங்கே?" என்றாள்.

டீக்கடையில் கேட்டோம். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார். "கோட்டைங்களா? அது ஊர் பேர்ல இருக்குதுங்க."

கிண்டல் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிற குரலிலேயே சொன்னார். பெஞ்சிலிருந்த பெரியவர் ஒருவர், மேடு ஒன்று இருந்ததாகத் தன் தாத்தா சொல்லுவார் என்று கையை ஒரு பக்கமாக வீசினார். அவர் வீசிய திசையில் நான்குவழிச் சாலை. தொப்பூர்க் கணவாயிலிருந்து ஏறி வந்த லாரிகள் எஞ்சின் சூட்டோடு போய்க்கொண்டிருந்தன. கொல்லிப் பக்கமிருந்து ஒரு படை வடக்கே வர வேண்டுமானால் தொப்பூர் வழியாகத்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். அன்றைக்கு அந்த வழியாக வந்தவர்களுக்குத் தகடூர் போக வேண்டியிருந்தது. இன்றைக்கு வருகிறவர்களுக்குப் பெங்களூர் போக வேண்டும்.

டீ குடித்துக்கொண்டே கதையைச் சொன்னேன். யானை, கொல்லன் பட்டறை, தூது, கோவலூர், காரி ஓடியது, சேரன் வந்தது, ஊரை வளைத்தது. பேத்தி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்புறம்?"

"சேரன் ஜெயிச்சுட்டான்."

"எப்படி ஜெயிச்சான்? கதவை யார் திறந்தா? அந்தப் பாட்டி அப்ப உள்ள இருந்தாங்களா, வெளிய இருந்தாங்களா?"

நாற்பது வருடம் இதைப் படித்தவன் நான். ஓர் எட்டு வயதுப் பெண் மூன்று கேள்வியில் அந்தப் புத்தகத்தின் தொலைந்த பக்கங்களை வரிசையாகத் தொட்டுவிட்டாள்.

"அது எழுதின புத்தகம் காணாமப் போச்சு, கண்ணு."

"யாரு தொலைச்சா?"

அவள் அப்பா சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

தமிழில் இரங்கல் எழுதுவதற்குப் பழைய பெயர் கையறுநிலை. கை அற்றுப் போன நிலை. செய்வதற்கு ஒன்றுமில்லாதவன் செய்கிற ஒரே காரியம். அந்த வகையில் தலைசிறந்தவற்றில் சில இந்த ஊரைப் பற்றியே இருக்கின்றன. அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வார்ப்பதைப் பார்த்த ஔவையார், நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். இன்னொன்றில், அவன் மார்பில் தைத்த வேல் அங்கே நிற்காமல் பாணரின் பாத்திரத்தையும் இரப்பவர் கையையும் துளைத்து, புலவர்களின் நாவில் போய் விழுந்ததாகச் சொல்கிறார். இனிமேல் பாடுகிறவர்களும் இருக்கமாட்டார்கள், பாடினால் கொடுக்கிறவர்களும் இருக்கமாட்டார்கள் என்று முடிக்கிறார். ஆயிரம் வருடத்துக்குப் பின் நடக்கப்போவதைச் சொன்னதுபோல இருக்கிறது.

ஆனால் எனக்கு நெருக்கமானது அரிசில் கிழாருடையது. விசித்திரமான மனிதர். பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தில் பத்துப் பாட்டுப் பாடி, ஒன்பது லட்சம் காசும் அரியணையுமே பரிசாக வந்தபோது, நாட்டை நீயே ஆண்டுகொள் என்று சொல்லி அமைச்சு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டவர். வென்றவனின் ஆள். அவரே தகடூர்ப் போரில் விழுந்த, அதியமான் குடியைச் சேர்ந்த எழினிக்கும் இரங்கல் பாடினார். அதில் அவன் நாட்டைப் பற்றி மூன்று சொல்கிறார். கன்றோடு மாடுகள் காட்டிலேயே இராத் தங்கும். கால் கொதிக்க நடந்து வந்த வெளியூர்க்காரர்கள் தமக்குப் பிடித்த இடத்தில் தங்குவார்கள். களத்தில் குவித்த நெல்லுக்குக் காவல் வேண்டியதில்லை. ஒரு நாட்டின் பெருமையை எண்ணும்போது, வழிப்போக்கன் நிம்மதியாகப் படுத்தான் என்பதை இரண்டாவதாக எண்ணிய மனிதர் அவர். தலைநகரம் ஒன்றில் விருந்தாளிக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பட்டியலை நான் படித்ததில்லை.

திரும்பும்போது காரில் இந்தப் பாட்டைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். எழினியைக் கொன்றதற்காக அரிசில் கிழார் சேரனைத் திட்டவில்லை, எமனைத் திட்டுகிறார். நீ ஒரு விவரம் இல்லாதவன் என்கிறார். அவன் இருந்திருந்தால் அவன் போகிற போர்க்களத்தில் எல்லாம் உனக்கு வயிறு நிறையத் தின்னக் கிடைத்திருக்குமே, பஞ்சம் வந்த குடியானவன் விதைநெல்லைக் குத்திச் சமைத்துத் தின்றதுபோலச் செய்துவிட்டாயே என்கிறார்.

"விதைநெல்லுன்னா?" என்றாள் பேத்தி.

அடுத்த போகத்துக்கு விதைக்க என்று எடுத்துவைக்கிற நெல் என்றேன். மொடாவில் போட்டு, வேப்பிலையும் போட்டு மூடி வைத்திருப்பார்கள், எங்கள் பாட்டி அதைத் தொட விடமாட்டாள் என்றேன்.

"அதைச் சாப்பிட்டா என்ன ஆகும், தாத்தா?"

"அந்த வருஷம் பசி தீரும்."

அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். தருமபுரி பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது சிக்னலில் கார் நின்றது. காலையில் பார்த்த முகத்தின் மேல் சுவரில் புது முகம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"அடுத்த வருஷம்?" என்றாள்.